மொரீஷியஸில் எட்டு இரவு, கார் நாமே ஓட்டுவது: எங்கே தங்குவது, எந்த வழியாகப் போவது, என்ன சாப்பிடுவது?

மெரினாக்காற்று கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் நடுவில் எட்டு இரவு மொரீஷியஸ் போகிறோம். நான், மனைவி, எழுபதை நெருங்கும் அப்பா, அம்மா. டிக்கெட் போட்டாச்சு, மற்றது எதுவும் முடிவாகவில்லை. ரிசார்ட்டில் அடைந்து கிடக்க விருப்பமில்லை. காடு, பழைய சரித்திர இடங்கள், ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற சாப்பாடு, இந்த மூன்றும்தான் வேண்டும். "நார்த் டூர், சவுத் டூர்" என்று வேனில் ஏற்றி ஒரே நாளில் பத்து இடம் காட்டுகிற பேக்கேஜ் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். கார் எடுத்து நானே ஓட்டப் போகிறேன்.

தெரிய வேண்டியவை: ஒரே ஊரில் தங்கித் தினமும் போய் வரலாமா, அல்லது ஊர் மாறி மாறித் தங்க வேண்டுமா? சென்னையில் ஓட்டிப் பழகியவனுக்கு அங்கே எதில் சிக்கல் வரும்? அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது, என்ன கிடைக்கும்? அப்பாவுக்கு முழங்கால் வலி, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க முடியாது. எனக்கும் மனைவிக்கும் ஒரு நாளாவது நல்ல காட்டு நடை வேண்டும்.

—

வளைவுமுன்னே எழுதியது:

தீவு நீளவாக்கில் சுமார் 65 கிலோமீட்டர், குறுக்கே 45. இதைப் பார்த்ததும் ஒரே இடத்தில் ரூம் போட்டுப் போய் வந்துவிடலாம் என்று தோன்றும். மோட்டார்வேயில் 40 கிலோமீட்டர் என்றால் 40 நிமிடம். அதே 40 கடற்கரைச் சாலையில் ஒன்றேகால் மணி நேரம். மலைச் சாலையில் அதற்கும் மேல். செப்டம்பரில் மாலை ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இருட்டியபின் ஊருக்கு வெளியே ஓட்டாமல் இருப்பது நல்லது (காரணம் அடுத்து யாராவது சொல்வார்கள்). ஆக ஒரு நாளில் கையில் இருப்பது ஒன்பது மணி நேரப் பகல். அதில் மூன்று மணி நேரத்தைத் திரும்பி வருவதற்கே செலவழித்தால் மிச்சம் என்ன?

மூன்று இடத்தில் தங்குங்கள்: வடக்கே மூன்று இரவு, மேற்கே மூன்று, கடைசி இரண்டு தென்கிழக்கில் மாயேபூரில். விமான நிலையம் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது, மாயேபூரிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம். வடக்கில் கிராண்ட் பேயிலிருந்து கிளம்பினால் சாதாரணமாக ஒன்றேகால் மணி நேரம், காலை அலுவலக நேரமானால் இரண்டு மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி நாளில் அந்தப் பதற்றம் வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த வரிசை.

கிழக்குக் கடற்கரையைத் தங்குமிடமாக எடுக்காதீர்கள். பெல் மாரின் மணல் படத்தில் அழகுதான். ஆனால் செப்டம்பரில் தென்கிழக்கிலிருந்து வாணிபக் காற்று நேராக அங்கேதான் அடிக்கும். வயதானவர்கள் கடற்கரையில் உட்கார முடியாது. மேற்கும் வடமேற்கும் மலைகளின் மறைவில் அமைதியாக இருக்கும்.

முதல் நாள்: விமான நிலையத்திலிருந்து எம்1 மோட்டார்வே. போர்ட் லூயி நகருக்குள் நுழையாமல் எபேன் பக்கம் பிரிந்து வெர்டன் வழியாக டெர் ரூஜ் போகும் எம்3-ஐப் பிடித்தால் எம்2-இல் ஏறி வடக்கே போய்விடலாம். மேப் தலைநகர் வழியைக் காட்டினாலும் மாலை மூன்றரை முதல் ஐந்தரை வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இரண்டாம் நாள் போர்ட் லூயி. காலை ஒன்பதரைக்குப் போனால் நெரிசல் தணிந்திருக்கும். முதலில் ஆப்ரவாசி காட். 1834 நவம்பர் 2-இல் அட்லஸ் என்ற கப்பல் 36 கூலிகளைக் கொண்டு வந்து இறக்கியது. அதன்பின் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள், சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்களும் அதில் உண்டு. அவர்கள் ஏறிவந்த 16 கல்படிகள் அப்படியே இருக்கின்றன. 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அனுமதி இலவசம். பக்கத்திலிருக்கும் விளக்க மையத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாதிப் பேர் படியை மட்டும் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு மார்க்கெட், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புக்கூடு, காடன் என்கிற துறைமுகக் கடைவீதியில் புளூ பென்னி அருங்காட்சியகம். அங்கே 1847-ஆம் வருட அஞ்சல்தலைகளின் அசல் மேல் ஒவ்வொரு மணி நேரத்திலும் சில நிமிடம்தான் விளக்குப் போடுவார்கள். டிக்கெட் வாங்கும்போதே நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நகலைப் பார்த்துவிட்டு வருவீர்கள். நேரம் மிஞ்சினால் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில், ஊர்க்காரர்கள் வாயில் கைலாசோன்.

மூன்றாம் நாள் பாம்ப்ளமூஸ் தோட்டம், போ பிளானில் 1999-இல் மூடிய ஆலைக்குள் அமைந்த சர்க்கரை அருங்காட்சியகம். இரண்டும் பக்கத்திலேயே பக்கத்தில். தீவின் சரித்திரத்தை மொத்தமாகப் புரிந்துகொள்ள இந்த ஓர் ஆலை போதும். டச்சுக்காரர்கள் கரும்பு கொண்டு வந்தது, பிரெஞ்சுக்காரர்கள் அடிமைகளை வைத்துத் தோட்டம் போட்டது, 1810-இல் ஆங்கிலேயர் பிடித்தது, அடிமை முறை ஒழிந்தபின் நம் ஆட்களைக் கொண்டு வந்தது, எல்லாம் வரிசையாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

நான்காம் நாள் மேற்குக்கு மாறுவது. லா கோலெட் அல்லது பிளாக் ரிவரில் வீடு எடுங்கள். ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் கடைகண்ணி அதிகம், ஆனால் மலைக்கு அங்கிருந்து இன்னும் அரை மணி நேரம் கூடும்.

ஐந்தாம் நாள் மலை. இங்கே வரிசைதான் முக்கியம். காலை ஏழரைக்குக் கிளம்பி நேராக புவா ஷேரி தேயிலைத் தொழிற்சாலை. இயந்திரம் ஓடுவது காலையில்தான். அங்கிருந்து கிராண்ட் பாசின், அதாவது கங்கா தலாவ்: எரிமலை வாய் ஏரி, கரையில் 33 மீட்டர் சிவன் சிலை. பிறகு பிளேன் ஷாம்பாஞ் சாலையில் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குக் காட்சிமேடை. பதினொன்றரைக்குள் அங்கே இருக்க வேண்டும், மதியத்துக்கு மேல் மேகம் வந்து மூடிவிட்டால் வெள்ளைச் சுவர்தான். ஒரு மணிக்கு ஷமரேலில் சாப்பாடு, அப்புறம் ஏழு நிற மண்ணும் அருவியும். வெளிச்சம் இருக்கும்போதே காஸ் நொயால் வளைவுகளில் இறங்கிவிடுங்கள்.

ஆறாம் நாளை நடைக்கும் கடலுக்கும் விட்டுவிடுங்கள். ஏழாம் நாள் தெற்குக் கடற்கரை வழியாக மாயேபூர்: லெ மோர்ன் அடிவாரத்து அடிமைப் பாதை நினைவுச்சின்னம், மக்கோந்தே வளைவு, பே து காப், சுய்யாக், கிரி கிரி. நிற்காமல் ஓட்டினாலே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், நின்று போனால் அரை நாள். கிரி கிரியில் கடலில் இறங்காதீர்கள். தீவைச் சுற்றியிருக்கும் பவளத்திட்டு அந்த இடத்தில் இல்லை, பெருங்கடல் அலை நேராக வந்து பாறையில் மோதும்.

எட்டாம் நாள் மாயேபூரும் வியூ கிராண்ட் போர்ட்டும். அது திங்கட்கிழமையாக அமைந்தால் சந்தையும் கிடைக்கும்.

—

சாவிக்கொத்து எழுதியது:

வண்டி விஷயம் மட்டும் சொல்கிறேன்.

நம்மைப் போலவே இடதுபக்க ஓட்டம், வலதுபக்க ஸ்டியரிங். நம் ஊர் லைசென்ஸ் கார்டு செல்லும். சர்வதேச அனுமதிச் சீட்டையும் ஆர்டிஓவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில வாடகைக் கம்பெனிகள் கேட்கும். ஓட்டுநர் பெயரும் டெபாசிட் பிடிக்கும் கிரெடிட் கார்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். டெபிட் கார்டை நீட்டினால் பல இடங்களில் சாவி தரமாட்டார்கள். மனைவியும் ஓட்டுவார் என்றால் இரண்டாவது ஓட்டுநராக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாதவர் ஓட்டி இடித்தால் காப்பீடு கிடையாது.

நாலு பேர், நாலு பெட்டி என்றால் மிகச் சிறிய ஹேட்ச்பேக் வேண்டாம். டிக்கியில் இரண்டு பெட்டிதான் போகும். ஷமரேல் ஏற்றத்தில் நாலு பேரோடு ஒரு லிட்டர் எஞ்சின் திணறும். ஒரு படி மேலான வண்டி எடுங்கள், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறிய கார் நாளுக்கு 30, 40 யூரோ அளவில் கிடைக்கும், அடுத்த ரகம் அதற்கு மேல். விலையைப் பார்க்குமுன் ஒப்பந்தத்தில் விபத்து ஆனால் நம் கையிலிருந்து போகிற தொகை எவ்வளவு என்ற வரியைப் பாருங்கள். மலிவான வண்டியில் அந்தத் தொகை பெரிதாக இருக்கும். டயர், கண்ணாடி, அடிப்பாகம் பெரும்பாலும் காப்பீட்டில் வராது. இந்தத் தீவில் அடிபடுவதும் அவைதான்.

ஏனென்றால் ஊர்ச் சாலைகளில் ஓரம் என்று ஒன்று கிடையாது. தார் முடிந்த இடத்தில் கருங்கல் சுவர், அல்லது மூடாத வடிகால். எதிரே பஸ் வந்தால் நம் ஊர் பழக்கத்தில் இடதுபக்கம் ஒதுக்குவோம், சக்கரம் உள்ளே போய்விடும். ஒதுங்காமல் வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் நின்றுவிடுங்கள். பஸ்காரருக்கு அளவு தெரியும், அவர் போய்விடுவார்.

செப்டம்பர் கரும்பு வெட்டுக் காலம். கரும்பு ஏற்றிய லாரியும் டிராக்டரும் இருபது கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போகும். வெட்டாத வயல் ஆளுயரத்துக்கு மேல் நிற்பதால் திருப்பத்தில் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. முந்தாதீர்கள், அடுத்த ரவுண்டானா வரை பொறுத்தால் போதும். மேப் "ஐந்து நிமிடம் மிச்சம்" என்று குறுக்குவழி காட்டினால் அது பெரும்பாலும் தோட்டத்துக்குள் போகும் மண்பாதை. ஏ, பி எண் போட்ட சாலையை விட்டு இறங்க வேண்டாம்.

ரவுண்டானா: உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு, அதாவது உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் முதல் உரிமை. சென்னையில் மூக்கை நுழைத்தவருக்கு வழி. இங்கே அப்படிச் செய்தால் இடி நிச்சயம். ஜீப்ரா கிராஸிங்கில் ஆள் கால் வைத்தால் நிற்க வேண்டும். ஹாரன் அடித்தால் திரும்பி முறைப்பார்கள்.

மோட்டார்வேயில் 110 வரை, ஊருக்குள் 40 அல்லது 60. பலகை அடிக்கடி மாறும், கேமராவும் உண்டு. அபராதம் வாடகைக் கம்பெனி வழியாக உங்கள் கார்டுக்கு வந்து சேரும். மது அளவு வரம்பு மிகக் குறைவு. ஷமரேல் ரம் ஆலையில் ருசி பார்க்கிறவர் அன்றைக்குச் சாவியைத் தொடக்கூடாது.

பெட்ரோல் பங்கில் ஆள் போட்டுத் தருவார், விலையை அரசு நிர்ணயிப்பதால் எங்கே போட்டாலும் ஒன்றுதான். வண்டி தரும்போது டேங்கில் எவ்வளவு இருந்ததோ அதே அளவில் திருப்பித் தரச் சொல்வார்கள். முள் இருக்கும் இடத்தையும் கிலோமீட்டரையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். கூடவே நாலு சக்கர ரிம், பம்பரின் கீழ் ஓரம், கூரை, ஸ்டெப்னி. பகலில் எடுங்கள். இரவில் வண்டி கை மாறினால் மறுநாள் காலை முதல் வேலையாகப் படம் எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.

போர்ட் லூயி, கியூர்பிப், ரோஸ் ஹில், கத்ர் போர்ன் ஊர்களுக்குள் கட்டணப் பார்க்கிங் பகுதிகள் உண்டு. கூப்பன் அங்கே நின்று வாங்க முடியாது, முன்பே பெட்ரோல் பங்கில் வாங்கித் தேதி, நேரம் குறித்துக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். போர்ட் லூயியில் இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் காடன் பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடந்துவிடலாம். மஞ்சள் கோட்டில் நிறுத்தவே கூடாது.

சின்ன உரசல், யாருக்கும் காயமில்லை என்றால் இரு ஓட்டுநரும் சேர்ந்து நிரப்பும் ஒப்புதல் படிவம் ஒன்று உண்டு. அது டேஷ்போர்டில் இருக்கிறதா என்று வண்டி வாங்கும்போதே பாருங்கள். காயம் பட்டால் வண்டியை நகர்த்தாமல் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 114.

இரவு ஓட்ட வேண்டாம் என்று மேலே ஒருவர் சொன்னதற்குக் காரணம்: ஊருக்கு வெளியே விளக்கில்லாத சாலையில் கருப்புச் சட்டையோடு நடப்பவர், விளக்கில்லாத சைக்கிள், படுத்திருக்கும் நாய். பிளேன் ஷாம்பாஞ்சில் பனிமூட்டமும் சேரும். விமானம் இரவில் இறங்கினால் முதல் இரவை மாயேபூரிலேயே போட்டு, அங்கே ஓர் இரவைக் கூட்டி வடக்கில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

—

கத்ர்போர்ன்வாசி எழுதியது:

சாப்பாட்டுக்கு நான் வருகிறேன். அம்மாவைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

தினமும் நம்பலாம் என்றால் தால் பூரி. வேகவைத்து அரைத்த மஞ்சள் பருப்பை உள்ளே வைத்து மெல்லிசாகத் தேய்த்துக் கல்லில் போட்டு எடுப்பது. எப்போதும் ஜோடியாகத்தான் தருவார்கள். ஒன்றின்மேல் ஒன்று வைத்து, பெரிய வெள்ளை மொச்சைக் குழம்பு, தக்காளித் தொக்கு மாதிரியான ரூகாய், ஊறுகாய், பச்சை மிளகாய் விழுது தடவிச் சுருட்டிக் காகிதத்தில் கொடுப்பார்கள். சைவம், முட்டை கிடையாது, ஜோடி 50 ரூபாய்க்குள் (அவர்கள் ரூபாய், நம் பணத்தில் ஏறத்தாழ இரட்டிப்பு). வண்டிக்கடையில் காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரைதான் சூடாகக் கிடைக்கும். மாலையில் கிடைப்பது காய்ந்து விறைத்துப்போன மிச்சம். மிளகாய் விழுது நிஜமாகவே காரம், "திகித் பிமா" என்றால் கொஞ்சமாக வைப்பார்கள்.

காலைக்கு காத்தோ பிமா. நம் பருப்பு வடையின் தம்பி, கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிது. ரொட்டியை நடுவில் பிளந்து வெண்ணெய் தடவி நாலைந்தை உள்ளே வைத்து நசுக்கித் தருவார்கள். ஃபராத்தா நம் பரோட்டாவின் எளிய வடிவம். குடிக்க அலூதா, பாலில் சப்ஜா விதையும் கடற்பாசியும், போர்ட் லூயி மார்க்கெட்டுக்குள்.

அம்மா தவிர்க்க வேண்டியவை: மின் ஃப்ரீ என்ற நூடுல்ஸில் முட்டையும் சிப்பி சாஸும் வரும். பூலெத் என்ற வேகவைத்த உருண்டைகளில் "சூசூ", அதாவது சௌசௌ போட்டது என்று எழுதியிருந்தாலும் உள்ளே காய்ந்த இறால் இருக்கும், சூப்பும் சைவமில்லை. கேட்க வேண்டிய வாக்கியம் "சான் லாவியான்", இறைச்சி இல்லாமல். ஆனால் மீனையும் இறாலையும் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை, "சான் புவாசோன்" என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

மற்ற மூவருக்கும்: ஊரித், அதாவது பேய்க்கணவாய் என்று நம் மீனவர்கள் சொல்கிற எட்டுக்காலி, குழம்பாகவோ விந்தாயாகவோ. விந்தாய் என்பது கடுகு, மஞ்சள், பூண்டு, வினிகரில் ஊறவைத்தது, ஆறிய பிறகு சாப்பிட்டால்தான் ருசி. ஷமரேல் பக்கம் மான் குழம்பு. டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டு வந்துவிட்ட மான் இனம் அது, இப்போது பண்ணையில் வளர்க்கிறார்கள். ஷமரேலில் வீட்டுச் சாப்பாடு போடும் "தாப்ள் தோத்" இடங்கள் நிறைய. முதல்நாளே போன் செய்து ஆட்கணக்கு, சைவக்கணக்கு சொல்லிவிட வேண்டும். நேரே போய் நின்றால் மிஞ்சியதுதான் கிடைக்கும்.

வாழையிலையில் ஏழு கறி, அதாவது "செத் காரி", தமிழ்க் குடும்பங்களின் விரதச் சாப்பாடு: பிஞ்சுப் பலா, வாழைக்காய், பூசணி, கத்தரி, மொச்சை, கீரை என்று வரிசையாக, கடைசியில் ரசம், அதை "ரசோன்" என்பார்கள். கோயில் விசேஷத்திலும் கல்யாணத்திலும்தான் முறையாகக் கிடைக்கும். ஹோட்டலில் வார இறுதியில் முன்பதிவு செய்தால் உண்டு. கத்ர் போர்னில் கோர் த கார்ட் மலையடிவார முருகன் கோயிலுக்குப் போனால் விசேஷ நாள் எது என்று கேட்டுப் பாருங்கள். படி ஏற வேண்டும், அப்பாவுக்குச் சிரமம்.

வீடு எடுத்துத் தங்குவதால் சமையல் சாமானும் வாங்குவீர்கள். சந்தையில் பாதிக் காய்க்கு நம் பெயர்தான்: கோத்தோமிலி, காரிபூலே, பிரெட் முரும். கொத்தமல்லி, கறிவேப்பிலை, முருங்கைக்கீரை. ஊரிலிருந்து கறிவேப்பிலை எடுத்து வராதீர்கள், அனுமதிச் சீட்டு இல்லாத செடி, இலை, பழம் எதையும் விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்பாவின் மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம் இருக்கட்டும். கிராமத்துப் பக்கம் இரவு எட்டுக்கு மேல் சாப்பிட இடம் தேடக்கூடாது. வியாழன் மதியத்துக்கு மேல் கியூர்பிப், ரோஸ் ஹில் பக்கம் பல கடைகள் சாத்தியிருக்கும். ஞாயிறு பொதுக் கடற்கரை எல்லாம் குடும்பம் குடும்பமாக நிரம்பிவிடும், பார்க்கிங் கிடைக்காது.

இன்னொன்று, மூன்று இடம் மாற வேண்டும் என்று மேலே சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. வயதானவர்களோடு மூன்று தடவை பெட்டி கட்டி அவிழ்ப்பது பெரிய அலுப்பு. மேற்கே ஐந்து, மாயேபூரில் மூன்று போதும். ஃபிளிக் ஆன் ஃபிளாக்கிலிருந்து போர்ட் லூயி 25 கிலோமீட்டர் சுமார்தான். பாம்ப்ளமூஸ் அதற்கு மேல் கால் மணி நேரம்.

—

வளைவுமுன்னே எழுதியது:

நியாயமான பேச்சு. அப்படியானால் பாம்ப்ளமூஸும் சர்க்கரை அருங்காட்சியகமும் ஒரு நாள், போர்ட் லூயி ஒரு நாள், இரண்டுக்கும் காலை எட்டே முக்காலுக்கு மேல் கிளம்பி மாலை மூன்று மணிக்குள் நகரைத் தாண்டிவிட வேண்டும். மூன்றரை ஆனால் 25 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். வடக்குக் கடற்கரையையும் காப் மாலரூ முனையின் சிவப்புக் கூரைத் தேவாலயத்தையும் விட வேண்டியிருக்கும். நஷ்டம் பெரிதில்லை.

—

மெரினாக்காற்று கேட்டது:

அனைவருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், முருங்கைக்கீரை என்றதும் பாதிக் கவலை போய்விட்டது. இரண்டே இடம் என்று முடிவு செய்கிறோம். காட்டு நடை பற்றி யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா? லெ மோர்ன் ஏறுவதா, பிளாக் ரிவர் காடா? அந்த நேரத்தில் அப்பாவும் அம்மாவும் என்ன செய்வது?

—

பச்சைப்புறா எழுதியது:

இரண்டும் வேறு வேறு வகை. காடு பார்க்க வேண்டுமென்றால் பெத்ரினிலிருந்து மக்காபே. மலை ஏற வேண்டுமென்றால் லெ மோர்ன்.

மக்காபே பாதை பெத்ரின் தகவல் மையத்தில் ஆரம்பிக்கிறது, கார் அங்கேயே நிறுத்தலாம், கட்டணமில்லை. அகலமான மண்சாலை, பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. மக்காபே காட்சிமுனை வரை போய்த் திரும்ப மூன்றரை, நான்கு மணி நேரம். பலர் காட்சிமுனையிலிருந்து அப்படியே பள்ளத்தாக்கில் இறங்கி பிளாக் ரிவர் பார்வையாளர் மையத்தில் முடிக்கும் பாதையை இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். சரிவான இறக்கம், மழை பெய்திருந்தால் வேரும் களிமண்ணும் வழுக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், கார் மேலே, நீங்கள் கீழே. மலையைச் சுற்றி மேலே போக டாக்சி பிடிக்க வேண்டும், கீழே அந்த மூலையில் டாக்சி நிற்காது. கார் ஓட்டி வருபவர்கள் போன வழியே திரும்புவதுதான் சரி.

பூங்கா 1994-இல் அமைந்தது, 6,574 ஹெக்டேர். தீவின் மிச்சமிருக்கும் இயற்கைக் காட்டின் பெரும்பகுதி இதற்குள்தான். ஓரங்களில் அடர்த்தியாகத் தெரிவது பெரும்பாலும் சீனக் கொய்யாப் புதர். வெளியிலிருந்து வந்து காட்டை விழுங்கிக்கொண்டிருக்கும் களை அது. வேலி போட்டுக் களையெடுத்த துண்டுகளைத் தாண்டும்போது நின்று பாருங்கள், மரம் குட்டையாக, இலை தடித்து, கிளையெல்லாம் பாசி படர்ந்து வேறு மாதிரி இருக்கும். இளஞ்சிவப்புப் புறா, பச்சைக்கிளி இனம், மொரீஷியஸ் வல்லூறு மூன்றும் இங்கே உண்டு. வல்லூறு 1974-இல் காட்டில் நாலே நாலுதான் இருந்தது. கூண்டில் பெருக்கிவிட்டுத்தான் மீட்டார்கள். காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் போனால் பார்க்க வாய்ப்பு அதிகம். காட்சிமேடைகளில் குரங்கு உண்டு, கையில் வாழைப்பழத்தோடு இறங்காதீர்கள். உயரம் 600 மீட்டருக்கு மேல், செப்டம்பரில் காலை குளிரும், தூறலும் சகஜம். கீழே வெயில் அடிக்கிறது என்று ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள்.

லெ மோர்ன் 556 மீட்டர். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்திருந்த மலை, 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தேசிய மலரான ட்ரோகேசியா இயற்கையாக வளர்வது இங்கேதான். முதல் பாதி ஜீப் போகிற மாதிரி சாதாரணப் பாதை, அது முடிகிற திட்டில் நின்றாலே கடற்காயலின் நீலம் முழுக்கத் தெரியும். அதற்கு மேல் கையால் பிடித்து ஏறும் பாறை, சில இடத்தில் கயிறு. உயரப் பயம் உள்ளவர்கள் ஏறும்போது சமாளித்துவிட்டு இறங்கும்போது மாட்டிக்கொள்வார்கள். மேல்பாதிக்கு வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள், முதல்நாள் மழை என்றால் போகவே வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அடிப்பகுதி தேய்ந்த ஷூ ஆகாது. என் யோசனை: மக்காபே முழுசாக, லெ மோர்ன் பாதி வரை மட்டும்.

அப்பா அம்மாவுக்கு: நீங்கள் மக்காபே போகும் நாளில் அவர்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பெத்ரினில் காரில் உட்காரவைத்தால் நாலு மணி நேரம் குளிரில் நடுங்குவார்கள். அப்பா நடக்கக்கூடிய நல்ல காடு இல் ஓ ஸெக்ரெத். மாயேபூர் பக்கத்தில் புவாந்த் ஜெரோமிலிருந்து படகில் சில நிமிடம். 26 ஹெக்டேர் பவளச் சுண்ணாம்புத் தீவு, கருங்காலிக் காட்டை மறுபடி வளர்த்திருக்கிறார்கள், ராட்சத ஆமைகள் பாதையிலேயே படுத்திருக்கும், இளஞ்சிவப்புப் புறா தலைக்கு மேலேயே உட்காரும். வழிகாட்டியோடுதான் அனுமதி, சமதளம், நிதானமாக நடப்பார்கள். படகில் ஏற இறங்கத்தான் ஒரு கை பிடிக்க வேண்டும். பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள், இல் ஓ ஸெர்ஃப் வேறு. அது கிழக்கில் இருக்கும் உல்லாசக் கடற்கரைத் தீவு.

மிச்ச அரை நாள் மாயேபூர் தேசிய வரலாற்று அருங்காட்சியகம். 1810 ஆகஸ்டில் நடந்த கடற்போரில் காயம்பட்ட பிரெஞ்சு, ஆங்கிலத் தளபதிகள் இருவருக்கும் அந்த ஒரே வீட்டில்தான் வைத்தியம் பார்த்தார்கள். 1744-இல் மூழ்கிய சேன் ஜெரான் கப்பலின் மணி அங்கே இருக்கிறது. பிறகு எச். ரோ பிஸ்கட் கூடம், 1870 முதல் மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்கிறார்கள். மைதா, முட்டை இல்லாத வகை எது என்று அம்மாவுக்குக் கேட்டு வாங்கலாம். வடக்கே கடற்கரைச் சாலையில் கால் மணி நேரம் போனால் வியூ கிராண்ட் போர்ட்டில் டச்சுக் கோட்டையின் இடிபாடு, 1638-இல் முதல் குடியேற்றம் நடந்த இடம்.

—

சாவிக்கொத்து எழுதியது:

விட்டுப்போன ஒன்று. பிள்ளையார் சதுர்த்தி அங்கே அரசு விடுமுறை, உங்கள் தேதிக்கு நெருக்கத்தில் வரும். அன்று மதியத்துக்கு மேல் சிலை கரைக்க ஊர்வலங்கள் கடற்கரைக்கும் ஆற்றோரத்துக்கும் போகும், ஊர்களுக்குள் சாலை மெதுவாகத்தான் நகரும். அன்றைக்கு இடம் மாறும் பயணத்தை வைக்காதீர்கள். வண்டியை முந்தின நாளே பதிவு செய்து வைத்திருந்தாலும், விடுமுறையில் டெலிவரி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.